உபயோகத்துக்கு இல்லாத ஜாக்கி

1

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து தொடங்கியது. திட்டியவர் மாராயி. வாங்கிக்கொண்டவன் நான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. “ஏனுங்க, பழைய கார் வெச்சிருக்கிற எழுத்தாளருங்களா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஆமாம் என்றேன். வாசகி என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு முப்பத்தெட்டு நிமிடம் அவர்தான் பேசினார்.

“என்ற போட்டோவப் போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதத் தெரியுதுங்க உங்களுக்கு. ஒரு ஜாக்கி குடுக்கத் தெரியலீங்களே.”

அவ்வளவு கோபத்திலும் ஓரிடத்தில்கூட ‘ங்க’ விட்டுப்போகவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பேன். மரியாதையாகத் திட்டுகிறவரிடம் அதற்கு வழியே இல்லை.

போன் முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஒருவர் ஜாக்கி கேட்டுத் திட்டினால் கதை எழுத உட்காருகிறவனை என்ன சொல்வது என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்தேன். ஆனாலும் எழுதினேன்.

முதல் தொடக்கம்: மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில், மாராயி தன் பழைய நீல நிறக் காரின்—

(விட்டுவிட்டேன். கொல்லிமலை என்றதும் கை தானாகப் பனியை எழுதுகிறது. மாராயியின் கோபத்துக்கும் பனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: தரணிதரனுக்குப் பழைய கார்கள் என்றால் உயிர். அன்று ஏனோ அவன் மனம் இளகவில்லை. ஒருவேளை அவன் சிறுவயதில்—

(தரணிதரன் நான்தான். வேறு பெயர் வைத்தால் குற்றம் பாதியாகக் குறைகிறது, சிறுவயதுக் காரணம் ஒன்று கொடுத்தால் மீதியும் போய்விடுகிறது. பெயரையும் காரணத்தையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: மாராயி கோபக்காரி. அவள்—

இங்கே நின்றது பேனா. போனில் அவர் சொன்னதில் இதுவும் ஒன்று: “அந்தப் பக்கத்துல உங்க சங்கத்து டாக்டர ‘அவர்’னு எழுதியிருக்கீங்க. என்னைய ‘அவள்’னு எழுதியிருக்கீங்க. உங்களவிட நான் நாலு வயசு மூத்தவளுங்க.”

இந்தக் கதையில் அவர் ‘அவர்’. கதை என்றால் அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்பவர்கள் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

2

மாராயியின் ஊர் கொல்லிமலையில் திருப்புலி நாடு என்னும் பகுதியில் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. சாமை, மரவள்ளி, மிளகு. இருபத்தாறு வீடுகள். சொந்தக் கார் இருப்பது அவர்கள் வீட்டில் மட்டும்தான். கணவர் சின்னுசாமி அதைப் பழையதாக வாங்கினார், எல்லோரையும்போல ஜீப் வாங்காமல். சந்தைக்குப் போக, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை இறக்கிவிட, செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப்போக என்று அந்தக் கார் பதினொரு வருடமாக ஓடுகிறது.

(காரின் கம்பெனிப் பெயரை எழுதி அடித்துவிட்டேன். பெயரைச் சொன்னால் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் ‘அந்த ஓட்டை அப்படி இருக்காது, இப்படி இருக்கும்’ என்று எனக்குக் கடிதம் எழுதுவார்கள். கதையை விட்டுவிடுவார்கள். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.)

சின்னுசாமிக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒளித்துவைத்திருந்து சரியான இடத்தில் எடுத்துக் காட்டும் வித்தையை இந்த மனிதர் விஷயத்தில் செய்யக் கூசுகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், ஊருக்குத் திரும்பும் வழியில் பின்சக்கரம் பஞ்சர். அந்தக் காரின் சொந்த ஜாக்கி அவர்கள் வாங்கும்போதே அதில் இல்லை. அது தனி மாதிரியான ஜாக்கி. இரண்டு கதவுகளுக்கும் நடுவே, வண்டியின் கீழ் விளிம்பில் பக்கத்துக்கு ஓர் ஓட்டை இருக்கும். நட்டுக்குத்தலாக நிற்கும் கம்பத்திலிருந்து நீளும் முளையை அந்த ஓட்டையில் செருகி, மேலே கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பக்கம் முழுதாக எழும்பும். அந்த ஓட்டையைத் தவிர விளிம்பில் வேறெங்கே முட்டுக் கொடுத்தாலும் தகடு தாங்காது.

சின்னுசாமியிடம் இருந்தது ஊர்க்காரர் அப்புசாமியின் ஜீப்பிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்த கத்தரி ஜாக்கி. கத்தரிபோல மடங்கி விரிவது. அதை விளிம்புக்கு அடியில் வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார். மாராயி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டெப்னியை உருட்டி வைத்து, மண் ஒட்டியிருக்கிறதா என்று சின்னுசாமி சக்கரம் இருந்த இடத்துக்குள் கையை விட்டுத் துடைத்துப் பார்த்தபோது துருப்பிடித்த தகட்டைப் பொத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே போனது. வண்டி இறங்கியது. இரும்புக்கும் பாறைக்கும் நடுவில் கை.

“அவரு கத்தவே இல்லீங்க,” என்றார் மாராயி. “‘போயி ஆளக் கூட்டிட்டு வா புள்ள’ன்னு சொன்னாரு. தண்ணி கொண்டாங்கற மாதிரி.”

மாராயி தனியாகத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. ஊருக்கு ஓடினார். நாலு ஆண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அப்புசாமியின் ஜீப்பிலேயே செம்மேடு, அங்கிருந்து நாமக்கல். கையைக் காப்பாற்ற முடியவில்லை.

மாராயியின் கோபம் அந்த இருபது நிமிடத்தில் தொடங்குகிறது. யார்மேல் என்று கேட்டால் அவரால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. அப்புசாமி நல்லவர். மழை மழைதான். ஜாக்கியும் ஜீப்புக்குச் சரியான ஜாக்கிதான். ஆள் கிடைக்காத கோபம் உள்ளேயே இருந்துவிடும், அவ்வளவுதான்.

3

ஆறு மாதத்தில் மாராயி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். சின்னுசாமி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். சண்டை போட்டுக்கொண்டே கற்றார்கள். லைசென்சும் எடுத்தார். காரவள்ளிக்கு இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் ஓட்டுவதைப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்க மாட்டார்.

ஓட்டுவதில் பிரச்சினை இல்லை. பஞ்சரில்தான். ஊருக்குள் வரும் அந்த நாலு கிலோமீட்டரும் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்ட மாராயிக்குத் தெரியும். வண்டியைத் தூக்கத்தான் வழி இல்லை. கத்தரி ஜாக்கியை அந்த வண்டிக்கு அடியில் வைப்பதில்லை என்று சத்தியம்போல வைத்திருந்தார். ஆகவே ஒவ்வொரு பஞ்சருக்கும் நாலு ஆண்கள். ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகப் போட்டு, மூன்று பேர் அமுக்க, ஒருவர் கல் அடுக்க வேண்டும்.

நாலு பேர் சும்மா வருவதில்லை. வாயோடு வருவார்கள். “பொம்பள ஓட்டுனா டயரு அப்படித்தான்.” “சின்னுசாமி ஓட்டறப்ப இப்படியா பஞ்சராச்சு?” ஒருமுறை சீட்டாட்டம் முடியட்டும் என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். காருக்குள் பிரசவத்துக்குக் கிளம்பிய பூங்குழலி இருந்தார், ஏழு கிலோ பாக்குத் தட்டு மூட்டைகள்—

(இல்லை. பூங்குழலி அன்று வண்டியில் இல்லை. பாக்குத் தட்டும் இல்லை. மாராயி தனியாகத்தான் இருந்தார். சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவசரம் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடியும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எழுதும்போது கை தானாக ஒரு கர்ப்பிணியை வண்டிக்குள் ஏற்றிவிடுகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

அந்த ஒரு மணி நேரத்தில் மாராயி முடிவு செய்தார். இந்த வண்டிக்கு உரிய ஜாக்கி உலகத்தில் எங்காவது இருக்கும். அது தன் டிக்கியில் இருக்க வேண்டும். இனி எந்த ஆட்டம் முடியவும் தான் காத்திருப்பதில்லை.

சின்னுசாமியிடமும் சொன்னார். விபத்துக்குப் பிறகு, அந்த வண்டியைத் தூக்கும் நேரமெல்லாம் அவர் வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். நாலு சக்கரமும் தரையில் இருந்தால்தான் முன்பக்கம் வருவார்.

4

நாமக்கல்லில் லாரிக்கு என்ன கேட்டாலும் கிடைக்கும். மாராயி கடை கடையாக ஏறினார். எல்லாக் கடையிலும் ஒரே பதில். சிவப்பு பெயின்ட் அடித்த ஹைட்ராலிக் ஜாக்கியை எடுத்து மேசைமேல் வைத்து, “அஞ்சு டன் தூக்கும்மா” என்றார்கள்.

“எங்கூட்டு வண்டி ஒரு டன்னுகூட இல்லீங்க.”

“அப்பப் பூவாட்டம் தூக்கும்.”

“தூக்கும்ங்க. காத்து எறங்குனா எங்க வண்டி வவுறு தரையத் தொடுது. இது ஒரு சாண் ஒசரம் இருக்குது. இத அடியில நுழைக்கோணும்னா மொதல்ல வண்டியத் தூக்கோணும். தூக்கறதுக்குத்தானுங்க ஜாக்கி கேக்கறேன்.”

கடைக்காரர் சிரித்தார். “ஊட்டுக்காரர வரச் சொல்லுங்கம்மா. அவருக்குச் சொன்னாப் புரியும்.”

“அவருக்குப் புரிஞ்சிருச்சுங்க,” என்றார் மாராயி. “கை போனதுக்கப்புறம்.”

கடைக்காரரின் முகம் என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. நானும் ஊகிக்கவில்லை.

சேலத்தில் ஒரு காயலான் கடையில் ஒரு காலை முழுவதும் இரும்புக் குவியலைக் கிளறினார். கை இரண்டும் கறுத்துப்போனபோது கம்பமும் முளையுமாக ஒரு ஜாக்கி அகப்பட்டது. துணியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு, எழுபது வளைவும் ஏறி வந்தார். வீட்டில் வந்து செருகிப் பார்த்தால் முளை ஓட்டைக்குள் போகவில்லை. வேறேதோ காருடையது. முளை ஒரு விரல் தடிமன் பெரிதாக இருந்தது.

அதைத் தூக்கி மரவள்ளிக் காட்டுக்குள் வீசினார். மறுநாள் காலை போய்த் தேடி எடுத்துவந்தார். கொத்தும்போது மண்வெட்டி அதில் பட்டால் மண்வெட்டிதான் உடையும். கோபத்தைக்கூட அப்படியே போட்டுவிட முடியாத வாழ்க்கை என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம்—

(வேண்டாம்.)

5

இனி நான் வருகிறேன்.

ஜனவரியில் எங்கள் பழைய கார் சங்கம் ஈரோட்டிலிருந்து கொல்லிமலைக்கு ஊர்வலம் போனது. பதினான்கு கார்கள். வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வெளியே வரிசையாக நிறுத்தினோம். சுற்றுலா வந்தவர்கள் படகை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். என்னுடையது வரிசையில் நாலாவது. மாராயியின் காரும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இதை அப்போது நான் அறியவில்லை.

மாராயி அன்று பஞ்சர் ஒட்டிய சக்கரத்தோடு அப்புசாமியின் ஜீப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஸ்டெப்னி ஏற்கெனவே வேறொரு பக்கம் ஏறியிருந்தது. வண்டி வீட்டு வாசலில் கல்லின்மேல் நின்றது. என் காரைப் பார்த்ததும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். குனிந்து, கதவுக்குக் கீழே விரல் விட்டு அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுக்குண்டான ஜாக்கி வெச்சிருக்கீங்களா?”

அப்படி ஒரு கேள்விக்காகத்தான் பழைய கார்க்காரன் உயிரோடிருக்கிறான். டிக்கியைத் திறந்தேன். தைத்து வைத்திருந்த துணிப்பையிலிருந்து எடுத்தேன். கம்பெனி பூசிய கறுப்பு வண்ணம் அப்படியே இருக்கும். கைப்பிடி, முளை, அடித்தகடு எல்லாம் அசல். “இன்றுவரைக்கும் தரையில் பட்டதில்லை,” என்றேன். அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் போட்டோ எடுத்தேன்.

“ஒரு வாரத்துக்குக் குடுங்க. இதப் பாத்து ஒண்ணு செஞ்சுக்கிட்டுத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தர்றேன். ஈரோட்டுக்கே வாரேன்.”

“இல்லைம்மா, இது அசல். குடுக்கறதுக்கில்லை.”

“அப்ப ஒரு மணி நேரம் வாங்க. எங்கூடு இங்க பக்கந்தான். கல்லு மேல நிக்குது வண்டி. தூக்கி இந்தச் சக்கரத்த மாட்டிட்டு உங்க கையில குடுத்தர்றேன்.”

நான் சொன்னேன். இதை அவர் போனில் எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினார், ஆகவே வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: “கீறல் விழுந்துடும்மா. இது உபயோகத்துக்கு இல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. நான் சொன்னது தமிழ்தானா என்று யோசிப்பவர்போல இருந்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவரிடமும் இதே கார் இருப்பது புரிந்ததும், “வண்டியை எனக்கே குடுத்துடுங்களேன். கதவெல்லாம் நல்லா இருந்தா என் வண்டிக்கு ஆகும்,” என்றேன்.

ஜாக்கியை என் கையில் தரவில்லை. டிக்கியில் அதன் பையின்மேல் வைத்தார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து இணையத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ‘மலைமகள் ஒருத்தி என் ஜாக்கியைக் குழந்தையைப்போல ஏந்தி நின்றாள். அவள் கண்களில்தான் எத்தனை வியப்பு’ என்று முடியும். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. படத்தில் அவர் காலடியில் சக்கரம் கிடந்தது. அழகைக் கெடுக்கிறது என்று அதை வெட்டிவிட்டுப் போட்டிருந்தேன்.

6

இதுவரை எழுதியதை அருணாசலத்துக்கு அனுப்பினேன். அருணாசலம் என் நண்பர், பத்திரிகை ஒன்றில் கதைகளைத் தேர்வு செய்கிறவர். படித்துவிட்டுச் சொன்னார்: “நல்லா வருது. ஆனா அந்தம்மாவோட கோபம் தூக்கலா இருக்கு. உன் காரணம் போதாது. நீ ஜாக்கி குடுக்காததால ஏதாவது ஆகணும். அன்னைக்கு ராத்திரியே பிரசவ வலி, வண்டி கல்லு மேல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியலை. தாயோ பிள்ளையோ ஒண்ணு போகணும். அப்பத்தான் கோபம் நிக்கும்.”

அவர் சொன்னது தொழில் தெரிந்தவர் சொல்வது. எழுதியும் பார்த்தேன். பூங்குழலி மறுபடி வந்தார். மூன்று பக்கம். நன்றாகவே வந்திருந்தது. என் கண்ணே கலங்கியது. கலங்கியபோதே எங்கோ இடித்தது. நான் கொடுக்காத ஜாக்கியை வைத்து நானே அழுவதற்கு ஒரு பெண்ணைச் சாகடித்திருக்கிறேன்.

மாராயிக்குப் போன் செய்து கேட்டேன். நான் அவரை அழைத்தது அதுவே முதல் தடவை. அந்த நாட்களில் வண்டி இல்லாமல் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று.

“ஒண்ணும் ஆகலீங்க. மறுநா நாலு பேரு வந்து தூக்கி வெச்சாங்க.”

“யாருக்கும் உடம்பு சரியில்லாம...”

“இல்லீங்க.” பிறகு கேட்டார்: “ஏனுங்க, யாராச்சும் செத்தாத்தான் நான் கோவப்படோணுமா?”

மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அருணாசலத்தின் பத்திரிகை இந்தக் கதையைப் போடவில்லை. நீங்கள் இதை வேறெங்கோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

7

அந்தச் செவ்வாய்க்கிழமைத் திட்டுக்குத் திரும்ப வேண்டும். அதன் கடைசிப் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை.

நான் எழுதியதை மாராயிக்குக் காட்டியது மகள் வித்யாஸ்ரீ. ராசிபுரத்தில் தங்கி நர்சிங் படிக்கிறவள். “அம்மா, உன்னைய யாரோ போட்டுருக்காங்க பாரு,” என்று விடுமுறையில் வந்தபோது போனை நீட்டியிருக்கிறாள். மாராயி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“கண்ணுல வியப்புன்னு எழுதியிருக்கீங்க. வியப்பும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. அளவு எடுத்துக்கிட்டிருந்தேன். நீங்க புடுங்கி வெக்கறதுக்குள்ள எத்தன வெரக்கடைன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அப்புறம் முப்பத்தேழாவது நிமிடத்தில் விஷயத்துக்கு வந்தார். “என்ற காலுகிட்ட டயரு கெடந்துச்சே. அத எதுக்கு வெட்டுனீங்க? வெட்டாத போட்டோ இருக்குமில்லீங்க, அத அனுப்புங்க. பெருசா, தெளிவா. அதுக்குத்தான் போன் போட்டேன். பேச்சு வாக்குல மத்ததெல்லாம் வந்துருச்சு.”

அனுப்பினேன். அந்த அழைப்பில் ‘ஜாக்கியையே தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முப்பத்தெட்டு நிமிடம் இடம் இருந்தது. சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் இல்லை.

படத்தை வித்யாஸ்ரீ பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தாள். மாராயி அதையும், காயலான் கடை ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு சேந்தமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ரமேஷ்குமாரிடம் போனார். ரமேஷ்குமார் படத்தைப் பார்த்துவிட்டு, “படத்தப் பாத்து எப்படிங்கக்கா அளவு எடுக்கறது?” என்றார்.

மாராயி படத்திலிருந்த தன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். “இந்தக் கையும் அந்தக் கையும் ஒண்ணுதானே. கம்பத்தச் சுத்தி எட்டுன வெரலு எத்தன, எட்டாத வெரலு எத்தனன்னு பாருங்க. ஒசரத்துக்கு டயரு இருக்குது. டயரோட அளவு டயருலயே எழுதியிருக்குது.”

ரமேஷ்குமார் ஸ்கேலை எடுத்தார்.

திருகு காயலான் கடை ஜாக்கியிலிருந்து வந்தது. முளையை லாரி ஆக்ஸில் துண்டு ஒன்றிலிருந்து கடைந்தார். வண்டி ஓட்டையின் உள்ளளவை மாராயி குச்சிவிட்டு அளந்து கொண்டுபோயிருந்தார். ஓட்டையைச் சுற்றித் துருப்பிடித்திருந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். அதற்கு வண்டியைப் பட்டறைக்கே ஓட்டிவந்தார்.

முதலில் செய்தது சரிவரவில்லை. முளையைக் கம்பத்துக்கு நேர் செங்குத்தாக ஒட்டியிருந்தார் ரமேஷ்குமார். வண்டி எழும்ப எழும்பக் கம்பம் உள்பக்கம் சாய்ந்து கதவில் இடித்தது. மாராயி வண்டியை இறக்கச் சொல்லிவிட்டுப் படத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். முளை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தொடங்கும்போது கம்பம் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும், வண்டி ஏறும்போது நிமிர வேண்டும்.

என் டிக்கியில் பத்து வருடமாக அது இருக்கிறது. அந்தச் சாய்வு எதற்கு என்று எனக்குத் தெரியாது. அது சாய்ந்திருக்கிறது என்பதே தெரியாது.

8

ஏப்ரலில் நான் கொல்லிமலைக்குப் போனேன். என் ஜாக்கியைத் துணிப்பையோடு எடுத்துப்போனேன். கொடுத்துவிட்டு வரத்தான்.

மாராயியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. திருத்திய ஜாக்கியை முந்தின நாள்தான் வாங்கி வந்திருந்தார். வழியில் ஏதோ குத்தியதில் பின்சக்கரம் விடிவதற்குள் காற்று இறங்கியிருந்தது. சின்னுசாமி திடமான ஆள், வெள்ளைச் சட்டை. “வாங்க” என்றார். மாராயி ஜாக்கியை எடுத்ததும் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார்.

நான் பையை நீட்டினேன். “இதை வச்சுக்குங்க.”

“அது உங்க வண்டிக்குங்க. உள்ள வைங்க.”

மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். முளையைச் செருகினார். வெளியே சாய்ந்து நின்ற கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். ரமேஷ்குமாரின் ஜாக்கி அழகாக இல்லை. வெல்டிங் பொருக்குப் பொருக்காக இருந்தது. வண்டி எழும்பியது. சக்கரம் தரையை விட்டது. மாராயி வண்டியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நின்றது. நட்டுகளைக் கழற்றினார்.

பிறகு எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“நீங்க எடுங்க.”

“நானா?”

“சக்கரத்த எடுத்துட்டு, உள்ள கைய உட்டு மண்ணத் தொடச்சுட்டு, அந்தச் சக்கரத்த மாட்டுங்க. எனக்கு மாட்டத் தெரியும். அதுக்காகச் சொல்லலீங்க. எழுதப் போறேன்னு சொல்றீங்க. கை எங்க போகுதுன்னு தெரிஞ்சுட்டு எழுதுங்க.”

குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கு உள்ளே இருட்டாக ஒரு கை நுழையும் அளவுக்கு இடம். கீழே பாறை.

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) நான் மண்டியிட்டேன். சக்கரத்தை இழுத்து எடுத்தேன். வலது கையை உள்ளே விட்டு—

ஆ) “ஒரு நிமிஷம், என் ஜாக்கியையும் அந்தப் பக்கம் ஒரு முட்டுக்கு—” என்றேன். மாராயி என்னை நகர்த்திவிட்டுத் தானே—

இ) வீட்டுக்குப் பின்னாலிருந்து சின்னுசாமி வந்தார். என்னை விலகச் சொல்லி, இருக்கும் ஒரு கையை—

(மூன்றாவது அருணாசலத்துக்குப் பிடிக்கும். அது நடக்கவில்லை. சக்கரம் தரைக்கு வந்து, அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சின்னுசாமி முன்பக்கம் வந்தார். “ஆச்சா?” என்று கேட்டார். ஆச்சு என்றார் மாராயி.)

நடந்ததைச் சொல்கிறேன். சக்கரம் மாறியது. ஜாக்கி நழுவவில்லை, கதவில் இடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஐந்து பஞ்சர் ஆகியிருக்கிறது. நாலு பேரை ஒருமுறைகூட மாராயி கூப்பிடவில்லை. என் ஜாக்கி இன்னும் என் டிக்கியில் இருக்கிறது. அவர் என்னை மன்னிக்கவில்லை; நான் கேட்கவும் இல்லை.

உள்ளே போன கை யாருடையது என்பதை மட்டும் எழுதப்போவதில்லை. என் கைதான் என்றால், திருந்திவிட்டான் என்று நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். இல்லை, பயந்துவிட்டேன் என்றால், உண்மையையாவது சொன்னானே என்று அதற்கும் மன்னித்துவிடுவீர்கள். கதை படிக்கும்போது நானும் அப்படித்தான். எப்படி எழுதினாலும் நான் தப்பித்துக்கொள்கிறேன். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

நேற்று மாராயிக்கு இதை இதுவரைக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ரமேஷ்குமார் தன்னை அக்கா என்று கூப்பிட மாட்டார், அம்மா என்றுதான் கூப்பிடுவார் என்று ஒரு திருத்தம் சொன்னார். (மாற்றவில்லை. பின்னொரு நாள் அவர் அக்கா என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன்.) கை விஷயத்தை இப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?” என்றார். பின்னால் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. “படிக்கறவிங்களக் கேளுங்க. அவிங்களா இருந்தா உள்ள கைய உடுவாங்களான்னு.”